சரயூவில் விட்ட ஏடு

மகர சங்கராந்திக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தில்லியின் குளிர் எலும்புவரை இறங்கும். பதினொரு மணிக்கு மேல் மூட்டம் விலகி, வெயில் என்று சொல்லத்தக்க ஒன்று மொட்டைமாடியில் விழும். அதற்காகவே காத்திருந்து எங்கள் குடியிருப்பின் வயதானவர்கள் படியேறுவார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்து சில வருடங்கள் ஆயின.

கீழ்வீட்டுக்காரர் குமாவுன் மலையைச் சேர்ந்தவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை நான் 'தாஜ்யூ' என்று கூப்பிடுகிறேன். குமாவுனி மொழியில் அண்ணன் என்று பொருள். அந்தச் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மாதத்தில் இரண்டு மூன்று தடவை அவருக்குத் தபாலில் ஒரு பத்திரிகை வரும். நாலு பக்கம், பழுப்புத்தாள் பட்டி சுற்றி, பட்டியின்மேல் மை பரவிய கையெழுத்தில் முகவரி. பட்டியைக் கிழிக்காமல் விரலால் நெம்பி உருவுவார். கண்ணில் புரை விழுந்த பிறகு வாசித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது.

முதல் பக்கத்தை அவர் கேட்பதில்லை. "பின்னால் திருப்புங்கள், பெயர்களைப் படியுங்கள்" என்பார். யார் காலமானார், யார் பையன் ராணிக்கேத்தில் ராணுவப் பயிற்சி முடித்து வெளியே வந்தான், எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஓய்வு பெற்றார், புல் அறுக்கப் போன எந்தப் பெண்ணை எந்தச் சரிவில் குல்தார் தாக்கியது. குல்தார் என்பது அங்கே சிறுத்தைக்குப் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் அவரிடமிருந்து ஒரு 'ஹாம்' வரும். சில பெயர்களுக்கு அது வர நேரமாகும். அப்போது நான் காத்திருப்பேன்.

மலைநாட்டுக்காரர்கள் தங்கள் பொருளாதாரத்தை 'மணியார்டர் பொருளாதாரம்' என்று சொல்லிக்கொள்வார்கள். ஆண்கள் கீழே இறங்கித் தில்லியிலும் லக்னோவிலும் பட்டாளத்திலும் சம்பாதிக்க, மாதாமாதம் பணம் தபால்காரர் கையில் மலையேறும். தாஜ்யூவும் அப்படி அனுப்பியவர்தான். அதே தபால்பை கீழிறங்கும்போது கொண்டுவந்தது இந்த நாலு பக்கத்தை.

தில்லியில் மலைக்காரர்களின் பெயர்களுக்குக் குறைவில்லை. அல்மோராவுக்கு அருகே கூண்ட் என்ற கிராமத்தில் 1887இல் பிறந்த கோவிந்த் வல்லப் பந்த் 1955 முதல் 1961இல் இறக்கும்வரை நாட்டின் உள்துறை அமைச்சர். அவர் பெயரில் இங்கே சாலை இருக்கிறது, பெரிய மருத்துவமனை இருக்கிறது. நம் பாரதிக்கும் காமராஜருக்கும்கூட இங்கே சாலைகள் உண்டு. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லி இறங்கிக்கொள்கிறோம், பெயர் திசையாகிவிடுகிறது. தாஜ்யூ தன் பத்திரிகையில் தேடுகிற பெயர் வேறு வகை. அதற்கு ஒரு முகமும், ஒரு வீட்டு வாசலும், வாசலில் ஒரு மால்டா மரமும் உண்டு. அந்த மரத்தில் சின்ன வயதில் யார் பழம் திருடினார்கள் என்பதும் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரு சிற்றூரில் ஒருவர் பெயரை அச்சில் போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்த மொட்டைமாடியில்தான் நான் யோசிக்கத் தொடங்கினேன். சென்னையிலோ தில்லியிலோ உட்கார்ந்து எழுதுகிறவர் தான் எழுதிய ஆளை நேரில் சந்திக்காமலே வாழ்ந்து முடித்துவிடலாம். அல்மோராவில் அது முடியாது. குதிரை முதுகுபோல் நீண்டு கிடக்கும் ஒரு மலைமுகட்டில் கட்டிய ஊர் அது. அதன் பழைய கடைத்தெரு அந்த முதுகெலும்பு போலவே நீளமாகப் போகிறது. காலையில் யாரைப் பற்றி எழுதினாயோ, மாலையில் அவர் எதிரே நடந்து வருவார். விலகிப் போகச் சந்துகூடக் கிடைக்காது.

அந்த ஊரில் 1871இல் ஒரு பத்திரிகை பிறந்தது, 'அல்மோரா அக்பார்'. சென்னையில் 'சுதேசமித்திரன்' வருவதற்குப் பதினோரு வருடம் முன்பே ரயிலும் மோட்டார்ச் சாலையும் எட்டாத ஒரு மலைமுகட்டில் அச்சுப்பொறி ஓடியது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்குவதில்லை. புத்தி வல்லப் பந்த் தொடங்கிவைத்தார். பிறகு முன்ஷி சதானந்த் சன்வால் நீண்ட காலம் நடத்தினார். அடங்கின குரலில் பேசிய இதழ் அது. ஏன் அடங்கியிருந்தது என்பதற்கு ஒரு காரணத்தைச் சட்டத்திலேயே பார்க்கலாம். 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, பத்திரிகை நடத்துகிறவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன்னால் போய் நின்று, அச்சிடுபவர் இன்னார், வெளியிடுபவர் இன்னார் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பெயர்களை ஒவ்வோர் இதழிலும் அச்சிடவும் வேண்டும். குமாவுன் போன்ற மலை மாவட்டத்தில் அந்த மாஜிஸ்திரேட் யார்? டெபுடி கமிஷனர். வரி வசூலிப்பவரும் அவர், வழக்கு விசாரிப்பவரும் அவர். பத்திரிகை யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ, அவரிடமே முதலில் தன் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் கடையைத் திறக்கவேண்டும்.

1913இல் பத்ரி தத் பாண்டே ஆசிரியரானார். அலகாபாத் 'லீடர்' பத்திரிகையில் வேலை பழகியவர். அவர் வந்ததும் அடங்கின குரல் மாறியது. பத்துக் கணக்கில் இருந்த சந்தா ஆயிரத்தைத் தாண்டியதாகச் சொல்வார்கள். காட்டுச் சட்டங்கள், கூலி பேகார், அதிகாரிகளின் பவனி என்று மலைக்காரன் அனுபவித்த எல்லாம் அச்சேறின. 1918இல் டெபுடி கமிஷனர் லோமஸ் வேட்டைக்குப் போன இடத்தில் அவர் துப்பாக்கி ஒரு கூலியைக் காயப்படுத்தியது. 'அல்மோரா அக்பார்' அதை எழுதியது. அதே ஆண்டு ஹோலி இதழில் அவரையும், அவருக்குச் சலாம் போடுகிற உள்ளூர்ப் பெரிய மனிதர்களையும் பேர் விளங்கும்படி சாடியது. ஜாமீன் தொகை கட்டு என்று ஆணை வந்தது. நாற்பத்தேழு வருடம் ஓடிய பத்திரிகை நின்றுபோனது. பக்கத்து மலைநாட்டுக்காரர்களின் 'கட்வாலி' பத்திரிகை இதைப் பற்றி எழுதியது மலையில் இன்றும் வாய்மொழியாகப் புழங்குகிறது: துரை சுட்ட ஒரே வேட்டில் மூன்று விழுந்தன, கூலியும் கோழியும் 'அல்மோரா அக்பா'ரும்.

காயப்பட்ட அந்தக் கூலியின் பெயரை நான் தேடிப் பார்த்திருக்கிறேன். நான் படித்த எந்தப் புத்தகமும் அதைச் சொல்லவில்லை. துரையின் பெயர் இருக்கிறது, ஆசிரியர் பெயர் இருக்கிறது, பத்திரிகையின் பெயர் இருக்கிறது. அவர் வெறும் 'கூலி'.

அந்த ஆண்டே ஊரார் பணம் திரட்டினார்கள். தேசபக்த அச்சகம் என்று ஒன்றை நிறுவி, விஜயதசமியன்று 'சக்தி' என்ற வார இதழைத் தொடங்கினார்கள். ஆசிரியர் அதே பத்ரி தத் பாண்டே. 1916இல் தோன்றியிருந்த குமாவுன் பரிஷத்துக்கு அது வாயாக அமைந்தது. அடுத்த இரண்டேகால் வருடத்தில் அது ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதியது: கூலி பேகார்.

பேகார் என்றால் என்னவென்று தாஜ்யூ எனக்கு விளக்கியதைப்போல் எந்தப் புத்தகமும் விளக்கவில்லை. அதிகாரி மலைக்குள் பயணம் வருவார். அளவைக்காரர் வருவார், பட்டாளத்தார் வருவார், வேட்டைக்கு வரும் வெள்ளைக்காரர் வருவார். அவர்களுடைய கூடாரம், கட்டில், சாராயப் பெட்டி, சில சமயம் அவர்களையேகூட அடுத்த தங்கல்வரை ஊர்க்காரன் சுமக்க வேண்டும். கூலி ஒன்றுமில்லை, அல்லது பேருக்கு ஏதோ கொஞ்சம். பாலும் நெய்யும் விறகும் புல்லும் கொடுக்கவேண்டும். அதற்கு 'பர்தாயிஷ்' என்று தனிப் பெயர். விதைப்பு நாளா, வீட்டில் சாவா, எதுவும் கணக்கில்லை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஏடு இருந்தது. கூலி ரிஜிஸ்டர். ஊரில் யார் யார், அடுத்த முறை யாருடையது என்று அதில் பெயர் வரிசையாக எழுதியிருக்கும். பட்வாரி அந்த வரிசைப்படி ஆள் அனுப்பச் சொல்வார். நம் ஊர்க் கர்ணத்தைப் போன்றவர் பட்வாரி. ஆனால் மலையில் போலீஸ் அதிகாரமும் அவர் கையிலேயே இருந்தது. ஆகவே அந்த ஏட்டில் பெயர் ஏறியவன் தப்ப வழியில்லை.

"எங்கள் ஊரில் முதன்முதலாக எழுத்தில் ஏறிய பெயர்கள் அவைதான்" என்றார் தாஜ்யூ ஒருநாள். கொஞ்ச நேரம் நான் அடுத்த வரியைப் படிக்கவில்லை.

1921 ஜனவரியில் உத்தராயணித் திருவிழா. சரயூவும் கோமதியும் கூடும் பாகேஷ்வரில், பாக்நாத் கோயிலடியில் ஆண்டுதோறும் கூடுகிற சந்தை அது. மலையின் எல்லாப் பள்ளத்தாக்கிலிருந்தும் சனம் வரும். போட்டியர் இனத்து வியாபாரிகள் கம்பளியும் உப்பும் கொண்டுவருவார்கள். அந்த ஆண்டு பத்ரி தத் பாண்டே, ஹர்கோவிந்த் பந்த், சிரஞ்சிலால் சாஹ் மூவரும் அங்கே வந்து பேசினார்கள். ஆற்றங்கரையில் பல்லாயிரம் பேர். டெபுடி கமிஷனரும் போலீஸோடு அங்கேயே இருந்தார். அத்தனை சனத்துக்கு முன்னால் அவரிடமிருந்த ஆட்கள் போதவில்லை. இனிச் சுமக்க மாட்டோம் என்று சரயூ நீரைக் கையில் எடுத்துச் சனம் சத்தியம் செய்தது. ஊர்த்தலைவர்கள் தாங்கள் கொண்டுவந்த கூலி ஏடுகளைக் கூடலின் நீரில் எறிந்தார்கள். பல தலைமுறை வழக்கம் அதோடு முடிந்தது. காந்தி இதை ரத்தம் சிந்தாத புரட்சி என்று போற்றினார். 1929இல் அவரே பாகேஷ்வர்வரை வந்து போனார்.

கூலி ஏட்டையும் பத்திரிகையையும் அடுத்தடுத்து வைத்து நினைத்துப் பார்க்கிறேன். இரண்டும் காகிதம், இரண்டிலும் ஊர்ப் பெயர்கள், ஆட்பெயர்கள். ஒன்றில் பெயர் ஏறினால் முதுகு வளையும். இன்னொன்றில் ஏறினால் ஊர் அவனைப் பற்றிப் பேசும். பட்வாரியின் ஏடு ஆளைக் கணக்கெடுத்துக்கொண்டது. பத்திரிகை, கணக்கெடுத்தவரைக் கணக்குக் கேட்டது. சந்தாதாரர் பட்டியலும் ஒரு ரிஜிஸ்டர்தானே! பழுப்புத்தாள் பட்டியில் தாஜ்யூவின் பெயரை எழுதுகிறவர் ஏதோ ஒரு நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். மலைக்காரன் தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லி, தானே காசு கொடுத்துச் சேர்ந்த ஏடு அது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தக் கதை பொய்யாகிவிடும். பந்த், பாண்டே, ஜோஷி, சன்வால். அந்தக் காலத்து ஆசிரியர்களின் பெயர்களைப் பாருங்கள், பெரும்பாலும் மேல்சாதிக்காரர்கள். அல்மோராவின் இன்னொரு பாதி செம்பு அடித்தது, கல் செதுக்கியது, மரம் இழைத்தது. அந்த ஊரின் செம்புக் குடங்களுக்குக் குமாவுன் முழுக்கப் பேர். அவற்றைச் செய்த டம்டாக்களுக்கு ஊர்ச் சபையில் இடமில்லை. 1911இல் தில்லியில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு தர்பார் நடந்ததே, அதைக் கொண்டாட அல்மோராவில் நடந்த கூட்டத்தில் ஹரிபிரசாத் டம்டா என்ற இளைஞரையும் அவர் ஆட்களையும் சேர்க்கவில்லை. அந்த அவமானம் அவரைக் கடைசிவரை ஓட்டியது. பழிச்சொல்லால் அழைக்கப்பட்ட மக்களுக்கு 'சில்ப்கார்' என்ற பெயரை அரசின் ஏடுகளில் ஏறவைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1934இல் 'சமதா' என்ற வார இதழைத் தொடங்கினார். பிறகு அதற்கு ஆசிரியராக இருந்தவர் லக்ஷ்மி தேவி டம்டா. மலைநாட்டுத் தலித் பெண்களில் முதல் பட்டதாரி என்று அறியப்படுபவர்.

இதை வாசிக்கும்போது தமிழ் வாசகருக்கு அயோத்திதாசர் நினைவு வராமல் இருக்காது. நீலகிரி மலையில் வாழ்ந்து அங்கே தன் பொதுவாழ்வைத் தொடங்கியவர் அவர். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அதற்கு முன்பே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று தன் இதழுக்குப் பெயர் வைத்தார். அவரும் நீலகிரியில் வேலை பார்த்தவர். ஒருவர் இழிசொல்லாக்கப்பட்ட பெயரையே தலைப்பில் நிமிர்த்தி வைத்தார். ஒருவர் எல்லோருக்கும் பொதுவான பெயரைத் தமக்கென்று உரிமை கொண்டார். வடக்கே டம்டா கைத்தொழிலிலிருந்து ஒரு பெயரை எடுத்து உயர்த்தினார். இந்த மூன்று வழிகளையும் ஒருவர் உட்கார்ந்து ஆராயவேண்டும். எனக்கு அந்தப் படிப்பு போதாது. ஆனால் ஒருவரையொருவர் அறியாத இரண்டு மலைகள் ஒரே கேள்வியோடு அச்சுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன என்பது என்னைத் தொடுகிறது.

பெயரை அச்சிடுவதில் ஒரு துணிவு இருப்பதைப்போல் அச்சிடாமல் காப்பதிலும் உண்டு. 1930 மே 30 அன்று டெஹ்ரி சமஸ்தானத்தில், யமுனைக் கரையில் திலாடி என்ற இடத்தில், காட்டு உரிமை கேட்டுக் கூடியிருந்த ரவாயி மக்கள்மேல் சமஸ்தானப் படை சுட்டது. டேராடூனிலிருந்து வந்துகொண்டிருந்த 'கட்வாலி' அந்தச் செய்தியை வெளியிட்டது. திவான் வழக்குப் போட்டார். செய்தி அனுப்பியவர் யார் என்று சொல், இல்லையென்றால் மன்னிப்புக் கேள் என்றார்கள். ஆசிரியர் விஷ்வம்பர் தத் சந்தோலா இரண்டையும் செய்யவில்லை. ஓராண்டு சிறைக்குப் போனார். எழுதி அனுப்பியவர் சமஸ்தானத்துக்குள் இருந்தவராக இருக்க வேண்டும். பெயர் வெளியானால் அவரும் அவர் குடும்பமும் என்ன ஆவார்கள் என்று சந்தோலாவுக்குத் தெரியும். நம் பக்கத்தில் 1908இல் 'இந்தியா' இதழுக்கு ஆசிரியராகப் பதிவாகியிருந்த எம். சீனிவாசன் கைதாகிச் சிறை சென்றார். எழுத்து பாரதியுடையது, சட்டத்தின் முன் இருந்த பெயர் சீனிவாசனுடையது. பாரதி புதுச்சேரி போனார். சந்தோலாவையும் சீனிவாசனையும் சேர்த்து வணங்கத் தோன்றுகிறது. இன்னொருவர் எழுதியதற்குத் தன் பெயரால் ஈடு கொடுத்தவர்கள் இருவரும்.

அதே டெஹ்ரியின் பிள்ளை ஸ்ரீதேவ் சுமன். வாலிபத்தில் தில்லியில் இருந்து, இந்தி கற்பித்து, பத்திரிகைகளில் எழுதி, இங்கிருந்த மலைநாட்டாரை ஒன்றுசேர்த்தவர். ஊர் திரும்பிச் சமஸ்தானத்தை எதிர்த்தார். சிறையில் 84 நாள் உண்ணாமல் இருந்து 1944 ஜூலை 25 அன்று இறந்தார். அப்போது வயது 28. உடலைக் குடும்பத்திடம் கொடுக்காமல் இரவோடிரவாகப் பிலங்கனா ஆற்றில் விட்டுவிட்டார்கள். மலையில் ஆறுகளுக்குத்தான் எத்தனை வேலை! சரயூ ஓர் ஏட்டை வாங்கிக்கொண்டது, பிலங்கனா ஒரு மனிதனை. அந்த டெஹ்ரி ஊரே இப்போது அணை நீருக்கு அடியில் இருக்கிறது.

விடுதலைக்குப் பிறகும் அந்தச் சிற்றிதழ் மரபு நிற்கவில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்றே டேராடூனில் 'யுகவாணி' தொடங்கியது. சரியாக முப்பது ஆண்டு கழித்து அதே நாளில் ராஜீவ் லோசன் சாஹ் நைனிதாலில் 'நைனிதால் சமாச்சா'ரைத் தொடங்கினார். காடு காக்கும் சிப்கோ இயக்கம் நடந்த காலத்துப் பத்திரிகை அது. மக்கள் 'கிர்தா' என்று அழைத்த கவிஞர் கிரீஷ் திவாரியும் வரலாற்றாசிரியர் சேகர் பாடக்கும் அதன் மேசையைச் சுற்றி இருந்தார்கள். 1990 முதல் அதே நைனிதாலிலிருந்து பெண்கள் நடத்தும் 'உத்தரா' வருகிறது. 1988 மார்ச்சில் பௌரியில் உமேஷ் டோபால் என்ற இளம் நிருபர் சாராயக் கும்பலைப் பற்றி எழுதியதற்காகக் கொல்லப்பட்டார்.

1994இல் தனி மாநிலம் கேட்டு மலை எழுந்தபோது 'நைனிதால் சமாச்சார்' குழுவினர் மாலைதோறும் அன்றைய செய்தியை எழுதிக்கொண்டு தெருவுக்கு வந்து நின்று வாசித்தார்கள். அச்சுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஏரிக்கரையில் கூட்டம் கூடி நின்று கேட்டது. அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். தில்லியில் பேரணிக்காக மலையிலிருந்து பேருந்துகளில் வந்தவர்களை விடிவதற்குள் முசாபர்நகர் அருகே ராம்பூர் திராஹாவில் போலீஸ் மறித்தது. சுட்டது. பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை நீதிமன்றம்வரை போனது. அன்று தாஜ்யூ தில்லியில் காத்திருந்தார். ஊரிலிருந்து வரவேண்டிய பேருந்து வரவில்லை. வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்று தெரிய நாளாயிற்று. "தில்லிப் பத்திரிகையில் எண்ணிக்கை போட்டிருந்தான். எண்ணிக்கையை வைத்துக்கொண்டு நான் யாரை அழுவது?" இதை அவர் சொன்னது ஒரே ஒரு தடவை. அந்தப் பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாநிலம் 2000 நவம்பர் 9 அன்று பிறந்தது.

தில்லிக்கும் இந்தச் சின்னப் பத்திரிகைகளுக்கும் இன்னொரு கயிறு உண்டு. 1956 ஜூலை முதல் நாட்டின் செய்தித்தாள் பதிவாளர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. நாகர்கோவிலில் தொடங்கினாலும் பித்தோராகட்டில் தொடங்கினாலும் பத்திரிகையின் பெயர் தில்லியில் சரிபார்க்கப்பட்டுப் பதிவாக வேண்டும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில்தான் ஓய்வு பெற்றது. இப்போது புதுச் சட்டம், எல்லாம் இணையவழி. டெபுடி கமிஷனர் முன்னால் போய் நிற்கும் காட்சி மறைந்துவிட்டது. ஆனால் சின்னப் பத்திரிகையின் கழுத்து வேறு இடத்தில் மாட்டியிருக்கிறது. அரசு விளம்பரம் வந்தால் காகிதக் கடைக்குக் கடன் அடையும். வராவிட்டால் அடுத்த இதழ் தள்ளிப்போகும். ஜாமீன் கேட்டு மூடவேண்டிய தேவையே இல்லை. எந்தத் துரையின் வேட்டைச் செய்தியைப் போடாமலிருப்பது என்பதை ஆசிரியரே இரவில் விளக்கடியில் உட்கார்ந்து முடிவு செய்யவேண்டிய நிலை. அப்படியும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாஜ்யூவின் நாலு பக்கத்தை நடத்துகிறவர் அப்படிப்பட்டவர் என்றே நினைக்கிறேன். சில இதழ்களில் ஒரு விளம்பரமும் இருப்பதில்லை.

மலையிலிருந்து தில்லிக்கு வந்து எழுத்தால் பேர் பெற்றவர்கள் பலர். அல்மோரா வேர்கொண்ட மனோகர் ஷியாம் ஜோஷி இங்கே 'சாப்தாஹிக் ஹிந்துஸ்தான்' வார இதழின் ஆசிரியராக இருந்தார். டெஹ்ரிப் பக்கத்திலிருந்து வந்த கவிஞர் மங்களேஷ் டப்ரால் 'ஜனசத்தா'வில் பல ஆண்டு பணியாற்றினார். ஊரை விட்டுவந்த துயரம் அவர்கள் எழுத்தில் இருக்கிறது. நாமும் 1965இல் கி. கஸ்தூரிரங்கன் தில்லியிலிருந்து தொடங்கிய 'கணையாழி' வழியாக அந்தத் துயரத்தின் தமிழ் முகத்தை அறிந்தவர்கள்தாம். எனினும் விட்டுவந்தவர் எழுதுவதும் அங்கேயே இருந்து எழுதுவதும் ஒன்றல்ல. பிரிவு அழகான வாக்கியங்களைத் தரும். அதே தெருவில் நாளைக்கும் நடந்தாகவேண்டியவனுக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைநடுங்கும். என் மதிப்பு அவனுக்கே ஒரு பிடி கூடுதல்.

இந்த ஆண்டு உத்தராயணிச் சிறப்பிதழில் தாஜ்யூ தன் தாத்தாவின் பெயரை அச்சிட விரும்பினார். தாத்தாவை அவர் 'பூபு' என்பார். 1921இல் பூபு இருபது வயதுக்காரர். அவர் பெயரும் கூலி ஏட்டில் இருந்தது. அன்று ஆற்றங்கரையிலும் இருந்தார். "ஏட்டை ஆற்றில் போட்டதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் பூபுவின் பெயர் வேறெந்த எழுத்திலும் இல்லை. நிலப் பட்டாவில் அவருடைய அண்ணன் பெயர்தான். பத்திரிகையில் ஒரு தடவை வந்துவிடட்டும்" என்றார். ஒரு சிறு அறிவிப்பு எழுதிப் பணமும் அனுப்பினோம். ஆசிரியர் பேரனின் செல்பேசிக்கு மெய்ப்பு அனுப்பியிருந்தார். பெயரில் ஒரு நெடில் குறிலாகியிருந்தது. செல்பேசியிலேயே திருத்தி அனுப்பலாம் என்றான் பேரன். தாஜ்யூ ஒப்பவில்லை. அஞ்சலட்டை வாங்கிவரச் சொன்னார்.

மொட்டைமாடியில் உட்கார்ந்து, பேரனின் பரீட்சை அட்டையை நான் பிடித்துக்கொள்ள, அவரே எழுதினார். பூபுவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, மேற்கோட்டைக் கடைசியில் இழுத்து. பிறகு பேனாவை எடுக்காமல் யோசித்தார்.

"ஆமாவின் பெயரையும் சேர்த்துவிடலாம்" என்றார். ஆமா என்றால் பாட்டி. ஏடு தண்ணீரில் போன அன்று அவளும் தலையில் மூட்டையோடு கூட்டத்தில் இருந்தாளாம்.

எழுதக் குனிந்தவர் நிமிர்ந்தார். ஆமாவின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. மலையில் வாழவந்த பெண்ணை அவள் பிறந்த ஊரின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவள் ஆமா, அவ்வளவுதான். ஹல்த்வானியில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டார். அவருக்கு எண்பத்தேழு வயது. மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, ஊரில் ஒரு கிழவி இன்னும் இருக்கிறாள், கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

வெயில் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. அஞ்சலட்டையில் பூபுவின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டு, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாஜ்யூ படியிறங்கினார்.